தரை பார்க்கப் போன நாள்

இரவு வேலை முடிந்து
குளித்த தலை காயமுன்
ஏகாம்பரம் வீதி மாபிள் கடைக்குப் போனேன்.
உப்புவெளியில் சுவர் எழும்பிவிட்டது,
கூரையும் போட்டாயிற்று.
உள்ளே நிலம் மட்டும் இன்னும் கடற்கரை.

நௌபர் நானா முதலில் எடுத்துப் போட்டது
முகம் பார்க்கலாம் போல மினுங்கும் வெள்ளை.
"எல்லா அறைக்கும் இதையே அடியுங்கோ மிஸ்ஸி,
ஒரே நிறம், ஒரே விலை, ஒரே லொறி."

நான் எலும்பு முறிவு வாட்டில் வேலை செய்பவள்.
இடுப்பு உடைந்து வருகிறவர்களிடம்
எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டு எழுதுகிறவள்.
பாதிப்பேர் "பாத்ரூம்" என்பார்கள்.
மீதியில் பாதி "மழை, வாசல்."
மாமரமும் மோட்டார் சைக்கிளும்
அதற்குப் பிறகுதான்.

ஆகவே குளியலறைக்கு
மீன்செதிள் போலச் சொரசொரத்த சிறு சதுரம்.
சவர்க்காரத் தண்ணியை ஊற்றச் சொல்லி
செருப்பைக் கழற்றி ஏறி நின்றேன்.
பிடிப்பதற்கு நானா கையை நீட்டியபடி நின்றார்.
தேவைப்படவில்லை.

வாசலுக்கு எதுவென்று
விலை பேசிக்கொண்டிருக்கையில்
பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
கடைக்குள் ஏறிவிட்டது.
இந்த ஊரில் அது அதிசயமில்லை;
லொத்தர்ச் சீட்டுத் தின்று வளரும் மான்கள்.
மினுங்கும் வெள்ளையில்
நாலு காலும் நாலு திசைக்குப் போக
புள்ளி போட்ட மேசைத்துணி மாதிரிப் பரவி,
உதறி எழும்பி,
ஒரு மூலையில் கிடந்த சாம்பல்நிறக் கரடு மாபிளில்
ஏறி நின்று எங்களைப் பார்த்தது.

"அது" என்றேன்.
"எது?"
"மான் நிற்கிறதே, அது. எண்பது சதுர அடி."

குசினிக்கு மாபிளே வேண்டாம்.
என் கையிலிருந்து விழாத பாத்திரமில்லை.
யோகராசா மேசன் சீமெந்து இழைத்து
பச்சைச் சாயம் போட்டுத் தரட்டும்.
மிதுனாவின் அறைக்கும் அதுவே.
அவள் சோக்கால் தரையில்தான் கணக்குச் செய்கிறாள்,
பிழைத்தால் காலால் அழிக்கிறாள்.
எங்கள் படுக்கையறைக்கு...
காசைக் கூட்டிப் பார்த்தேன்.
அடுத்த போனஸ் வரை வெறுஞ்சீமெந்து.
கட்டில் வழுக்கி விழாது.

மிஞ்சியது நடு அறை.
"கறுப்பு" என்றேன்.
நானா கல்குலேட்டரைக் கீழே வைத்தார்.
"கறுப்பு எல்லாத்தையும் காட்டிக் கொடுக்கும் மிஸ்ஸி.
மணல், தூசு, ஒரு தலைமயிர் கூட.
மண்ணிறம் எடுங்கோ,
ஒரு கிழமை கூட்டாட்டியும் தெரியாது."

எனக்குத் தெரியவேண்டும்.

தவேந்திரனுக்குச் சீனக்குடா மா ஆலையில் வேலை.
அவருக்கு முறை மாறும், எனக்கும் மாறும்.
இரண்டும் பொருந்துகிற கிழமை மாதத்தில் ஒன்று.
மற்ற நாட்களில்
நான் போனபின் வருவார்,
நான் வரமுன் போய்விடுவார்.
எவ்வளவு கழுவினாலும்
விரலிடுக்கில் கொஞ்சம் மா மிஞ்சும்.

இப்போதிருக்கிற லிங்கநகர் வாடகை வீட்டில்
தரை கறுத்த சீமெந்து. தற்செயல்.
விடிய வந்து லைட்டைப் போட்டால்
வெள்ளையாய் அவர் நடந்தது கிடக்கும்.
நேரே குசினிக்கு. பசி.
அங்கிருந்து மகளின் கதவடிக்கு.
அங்கே இரண்டு பாதமும் ஒட்டினாற்போல்,
விரல் நுனிகள் அழுத்தி, கலங்கி.
உள்ளே போகவில்லை. நெடுநேரம் நின்றிருக்கிறார்.
போன கிழமை ஒருநாள்
என் வெறும் நாற்காலிக்கு முன்னால்
ஒரு சோடி.

கூட்டாமல் அதைச் சுற்றி நடந்து
தேத்தண்ணி போட்டேன்.

இதையெல்லாம் கடையில் சொல்லலாமா?
"கூட்டுறது எனக்குப் பிடிக்கும் நானா" என்றேன்.
நம்பாத முகத்தோடு பில் எழுதினார்.

பாதி வழி போய்த் திரும்பி வந்து கேட்டேன்,
கறுப்பு வழுக்குமா?
ஈரமில்லாட்டி இல்லை என்றார்.

ரசீதை
மானுக்கு எட்டாத உயரத்தில் பிடித்தபடி
வெளியே வந்தேன்.