நூற்றுப் பன்னிரண்டு

அவன் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல,
கைப்பேசியை.
என் தோளில் ஒட்டியிருக்கும் பொத்தான் அளவு சென்சார்
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
என்னைப் பற்றி அவனிடம் கோள் சொல்லும்.

போன மாதம், ஐம்பத்தொன்றில்,
தட்டை எறிந்தேன்.
அவன் அம்மாவின் கல்யாணத் தட்டு.
பிறகு ஆரஞ்சு ஜூஸ், வியர்வை, கால் மணி நேரம்,
பிறகு நான்.
"நீ இல்லை கவீனா, சுகர்" என்றான்
துண்டுகளைப் பொறுக்கியபடி.
நல்லவன்.
அன்றிலிருந்து என் வாயில் வருவதெல்லாம்
சர்க்கரையின் பேச்சாகிவிட்டது.

முந்நூறில் ஒரு கோபம் உண்டு.
ஈரக் கம்பளியைத் தலையில் சுற்றியதுபோல,
நாக்கு உலர்ந்து,
மகள் தொனீனா சிரித்தால்கூட எரியும்.
அறுபதில் வருவது வேறு.
கை நடுங்கும்.
தக்கை ஆலையில் எல்லாரும் எனக்கெதிராய்
ஏதோ பேசிவைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.
இரண்டையும் எனக்குத் தெரியும்,
மாடி வீட்டுக்காரர்களைக் காலடிச் சத்தத்தில் தெரிவதுபோல.

தெம்பியோவில் டாக்டர்
மூன்று மாதச் சராசரியைப் பார்த்தார்.
"ஆறு புள்ளி எட்டு. பிரமாதம்!"
அந்த ஆறு புள்ளி எட்டோடு
ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள்,
நாற்பது நிமிடம்
சாவியைத் திருகக் கை வராமல் உட்கார்ந்திருந்தேன்.
அதை எந்தக் குழாயில் ஊற்றிக் கொடுப்பது?
வீட்டில் சொல்லவில்லை.
டிராபிக் என்றேன்.
கலாஞ்ஜானுஸ் சாலையில் என்ன டிராபிக்,
ஆடுகளைத் தவிர.

நேற்று இரவு
என் அப்பா விட்டுப்போன முப்பத்தேழு மரங்களை,
பத்து வருடத்துக்கு ஒருமுறை
தோலை உரித்துக் கொடுத்துவிட்டு
நின்றபடியே ஆறிக்கொள்ளும் தக்கை மரங்களை,
என்னைக் கேட்காமல்
தன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து
சூப் ஊற்றிக்கொண்டான்.

கத்தினேன்.
ஜன்னலில் வடமேற்குக் காற்று
ஒரு கணம் ஓய்ந்து கேட்டிருக்கும்.
ஒரு கையில் ஜூஸ் பாட்டிலைத் திறந்தபடி
மறு கையால் அவன் கைப்பேசியைப் பார்த்தான்.
துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

நூற்றுப் பன்னிரண்டு.
அம்புக்குறி நேராக.

பாட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எத்தனை வருடம் கழித்து,
ஒரு சொட்டுகூடக் கலப்படமில்லாமல்
என் சொந்தக் கோபம்!

"அதை நீயே குடி பஸ்தியானோ.
குடித்துவிட்டு உட்கார்.
மரங்களைப் பற்றிப் பேச வேண்டும்.
அப்புறம்
ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காரைப் பற்றி."