மற்றவை

பலகையில் நான் தொடுவது ஓரிடம்,
கோடு விழுவது ஓரிடம்.
இரண்டு விரற்கடை வலப்பக்கம் தள்ளித்தான் விழும்.
கோயமுத்தூரிலிருந்து ஆள் வரணுமாம்.
ஆறு மாதமாக இடம் தள்ளித் தொட்டே பழகியதில்
போன வாரம் பேங்கில் போட்ட கையெழுத்தும்
கட்டத்துக்கு இடப்பக்கமாய்ப் போய் உட்கார்ந்தது.

பல்லடத்துக்குத் தெற்கே பள்ளிக்கூடம்.
எட்டாம் வகுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம்
பதினாறு தறி.
கரண்ட் போனால் தறியும் பலகையும் ஒன்றாய் நிற்கும்.
அப்போதுதான்
நான் கத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்கும்.

சனிக்கிழமைப் பயிற்சியில் சொன்னார்கள்:
கேள்வி கேட்டபின் ஏழு வினாடி காத்திருங்கள்,
நம்மில் பலர் ஒரு வினாடிகூடப் பொறுப்பதில்லை.
சொன்னவர்
"ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே
அடுத்த சிலைடுக்குப் போனார்.

திங்கட்கிழமை, மூன்றாம் பிரிவேளை.
குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால்
மிகை எண் ஏன் வருகிறது?
எவ்வளவு என்று கேட்கவில்லை.
ஏன் என்று கேட்டேன்.

வீடியோவில் ஒரு தவளை
எண்கோட்டில் பின்னால் பின்னால் தாவி
மிகைப் பக்கம் போய் நின்று சிரித்தது.
தரணீஷ் அதே மாதிரி சிரித்தான்.
"விதியே அதுதானுங் மிஸ்" என்றாள் கோகுலவாணி,
டியூசனில் சொன்னதை.
விதி சரி. ஏன்?

ஒன்று. இரண்டு. மூன்று.
முப்பத்தெட்டுப் பேர் முன்னால் வெறுங்கையோடு நிற்கிறவளுக்கு
ஏழு என்பது எவ்வளவு பெரிய எண்.
தாண்டினேன். இருபது. முப்பது.
யாரோ டிபன் டப்பாவை உருட்டினார்கள்.
விடை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது,
விழுங்கினேன்.

ஒரு நிமிசம் யாரும் தொடாவிட்டால்
பலகை தூங்கப் போகும்.
தவளை மங்கியது.
கறுத்த திரையில் எங்கள் முகங்கள் தெரிந்தன,
அவற்றின் மேல் ஒரு வரி:
இன்னும் இருக்கிறீர்களா?

"இருக்கறனுங்" என்றாள் லிப்சா.

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.
வீட்டில் ஒடியா.
தமிழைத் தறிக்குடோனில் எடுத்துக்கொண்டதால்
எங்களைவிட 'ங்' அதிகம்.
சேர்ந்த ஒன்றரை வருசத்தில்
பேர் கூப்பிடும்போது தவிர வாய் திறந்ததில்லை.
முதல் பருவத்தில் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டினேன்.
கழித்தல் என்று நான் சொன்னதற்கு
அது வேறெதையோ சொல்லிவைக்க,
அன்றைக்குக் குனிந்தவள்தான்.

"அப்பா ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்குதுங்.
வாராவாரம் எரநூறு பிடிப்பாங்க, அது குறைங்.
மூணு வாரம் பிடிக்கலீன்னா
பிடிக்கறதுல மூணு குறையுது, அதுவும் குறைங்.
அப்ப கையில அறநூறு நிக்குங்.
யாரும் குடுக்கலீங்.
ஆனா நிக்குங்."

சுவருக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டிருந்தது.
தரணீஷ் விரல் விட்டு எண்ணிப் பார்த்து
"ஆமா மிஸ்" என்றான், தோற்றவன் போல.
நான் பலகையைத் தட்டி எழுப்பி
தவளையை மூடினேன்.
அவள் சொன்ன அறுநூறை எழுதினேன்,
முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டு.
எல்லாம் கொஞ்சம் தள்ளி விழுந்தது.

சாயங்காலம் செயலியில் ஏற்ற வேண்டும்.
தண்ணித்தொட்டி மேட்டில்தான் டவர் கிடைக்கும்.
இன்று கையாண்ட கற்பித்தல் முறை:
காணொளி, விளையாட்டு, குழுச் செயல்பாடு,
பயிற்சித்தாள், மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.
இருபது சொற்களுக்குள் விவரிக்கச் சொன்னது.
'சும்மா நின்றேன்' என்று அடித்தேன்.
அழித்தேன்.
வட்டம் சுற்றிச் சுற்றி, பக்கம் காலாவதியானது.

லிப்சா அந்த வழியாகத்தான் போவாள்.
என்னைப் பார்த்ததும் நின்றாள்.
"நல்லாச் சொன்னே கண்ணு" என்றேன்.
அந்த மூணு வாரம்
நெசமாவே பிடிக்காம விட்டாங்களா என்று
நான் கேட்கவில்லை.
அவள் பை வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
ஏழு வினாடி இருக்கும்.
அப்புறம் "வர்றனுங் மிஸ்" என்று
தறிச்சத்தம் வரும் பக்கமாக
நடந்தாள்.