கவை

தண்டர் பே. மைனஸ் முப்பத்தொன்று.
தானியக் கிடங்கின் எடைமேடைக்குப் பின்னறையில்
ஆறு சர்வர்கள், வெதுவெதுப்பாக.
அவற்றின் இயங்குதளத்தை
விலைக்கு வாங்கிய கம்பெனி
ஒரு வெள்ளிக்கிழமை நான்கு வரியில் முடித்துவிட்டது.
கடைசி வரி: நன்றி.

செத்துவிட்டாய் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.
லாரி ஏற, எடை விழ,
கொள்கலன்கள் எழுந்து வேலை பார்த்துக் கலைந்தபடியே இருந்தன.

மூலநிரலிலிருந்து மூன்று பேர் கவை பிரித்தார்கள்.
ஒருவர் பெயரை மட்டும் மாற்றினார்.
ஒருவருக்குக் குழந்தை பிறந்தது.
மிச்சம் டுலூத்தில் மார்யா லெஹ்தினன்,
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
இதே சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில்.
பார்த்ததில்லை.

நேற்று கெர்னலில் ஓட்டை. எழுதினேன்.
'வாசல் பனியை அள்ளிவிட்டு வருகிறேன்.'
இரவு இரண்டு பத்துக்கு வந்தது
பதினோரு வரித் திருத்தம்.

கவைக்கு உதவாத வேலை என்பாள் செண்பகவல்லி,
நான் பாதித் தூக்கத்தில் சாவி தேடும்போது.
இந்தக் கவை உதவுகிறது என்று
ஒருநாள் சொல்ல வேண்டும்.

ஐந்து எழுந்துவிட்டன.
ஆறாவதன் முன்னால்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே முதல் லாரி
ஹாரன் அடிக்கிறது.