முப்பத்தொன்றாம் கடவு

இரவு இரண்டு நாற்பதுக்கு
அழுத்தம் கொஞ்சம் இறங்கியது.
கொஞ்சம் என்றால் தேநீர் ஆறுகிற அளவு.
டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை
மலையேறிப் போகிற டீசல்
என் திரையில் ஒரு பச்சைக் கோடு.
வாரத்துக்கு மூன்று முறை அது பொய் சொல்லும்.
எங்கோ ஒரு பம்ப் முழித்துக்கொள்ளும்,
எங்கோ ஒரு வால்வு கனைக்கும்.

பத்து நிமிடம் பார் என்கிறது விதி.
பார்த்தேன்.
பதினோராவது நிமிடம் என்னுடையது.

நிறுத்தினால் மறுபடி ஓடவைக்க ஆறு மணி நேரம்.
போன மாதம் வீணாக நிறுத்தியதற்கு
குபேந்திரன் படையாச்சிக்கு ஒரு கடிதம் வந்தது.
மருத்துவமனை ஜெனரேட்டர்களை நினைத்தேன் என்று
விசாரணையில் சொல்வேன்.
பொய்யில்லை, நினைத்தேன்தான்.
ஆனால் முதலில் நினைத்தது கடிதத்தை.

பிறகு மூடினேன்.

ஷிப்ட் முடிந்து மெர்பேங்க் வீட்டுக்குத் திரும்பாமல்
நெடுஞ்சாலையில் மேலே போனேன்,
காம்பர்டவுன் தாண்டி,
கரும்பு முடிந்து வாட்டில் மரம் தொடங்கும் சரிவுக்கு.
எங்கள் வரைபடத்தில் அது முப்பத்தொன்றாம் கடவு:
குழாய் நீரைக் கடக்கும் இடம்.
நீர் குழாயைக் கடக்கும் இடம் என்று
யாரும் எழுதி வைக்கவில்லை,
யார் முதலில் வந்தார்கள் என்பது தெரிந்தும்.

குழாயில் ஒரு துளை. சுண்டுவிரல் நுழையும்.
திருட வந்தவர்கள் விட்டுப்போனது
ஒரு மண்வெட்டி, ஒற்றைச் செருப்பு,
நிரம்பாத கேன்கள் ஐந்து.
எண்ணெய் குடித்த நாய் ஓடிவிட்டது.
இனி எதிரே வருகிற நாய் யார் என்று
அலுவலகத்தில் தேடுவார்கள்.

ஓடையில் வர்ணஜாலம் ஒன்றுமில்லை.
காற்றடித்தும் சுருங்காத நீர்,
அவ்வளவுதான்.
நண்டுகள் கரையேறி நின்றன.
ஈரம் வேண்டாம் என்று ஒரு நண்டு முடிவெடுப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

நொக்வாஸி என்றொரு பெண்
இருபது லிட்டர் வாளியோடு நின்றிருந்தாள்.
மசகெண்ணெய் வந்த பழைய வாளி,
பக்கவாட்டில் எங்கள் சின்னம், பாதி உரிந்து.
எப்போது மொள்ளலாம் என்று கேட்டாள்.
அதற்குப் பதில் சொல்ல என் ஜூலு போதாது.
என் தமிழும் போதாது.

தண்ணீர் லாரி வரும் என்றேன்.
லாரி டீசலில் வரும்.
உறிஞ்சும் வண்டியும் டீசலில்.
ஓடையை மறித்துக் கிடக்கும் மிதவைகூட
எண்ணெய்க்குப் பிறந்த பிளாஸ்டிக்.
என் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது.
திரும்பும் வழியில் பம்பில் நிறுத்தி
இருநூறு ராண்டுக்குப் போடச் சொன்னேன்.
முழுசாக என்று சொல்ல வாய் வரவில்லை,
இருநூறு என்றால் குற்றம் குறைவு போல.

படிவத்தில் ஒரு கட்டம்: இழப்பு, லிட்டரில்.
பதினோராவது நிமிடத்தை மட்டும் தனியே கணக்குப் போட்டேன்.
இருநூற்று அறுபது.
நொக்வாஸியின் வாளியால் பதின்மூன்று.

கடைசிக் கட்டம்: பரிந்துரை.
மற்ற இடங்களில் பத்து இருக்கட்டும்,
நீரைக் கடக்கும் பகுதிகளில் மூன்று நிமிடம் போதும்,
மூடிவிட வேண்டும் என்று எழுதினேன்.
குபேந்திரன் போனில் சிரித்தான்.
மூன்றா? நாளெல்லாம் மூடித் திறந்துகொண்டிருப்போம்,
விமான நிலையம் கத்தும்,
நம் இரண்டு பேரையும் அந்த ஓடையிலேயே தள்ளுவார்கள்.
அவன் சொன்னதில் தவறு தேடினேன்.
அதிகம் கிடைக்கவில்லை.

மூன்றை அடித்து ஐந்தாக்கினேன்.

ஐந்து நிமிடம்.
அறுபத்தைந்து வாளி.
கையெழுத்துப் போடும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது,
என் விரலில் அந்த வாடை,
இரண்டு முறை சோப்புப் போட்டும்.