காலி எடை

மூன்றாம் நாள்.
ஒரு கை கணினியில், ஒரு கை கைக்குட்டையில்.
எடைமேடைக் கண்ணாடி அறைக்கு வெளியே
செம்பனைக் குலை சுமந்த லோரிகள்
பஹாவ் சாலை வரைக்கும் வரிசை.

சீட்டு வாங்க வருகிறவர் எல்லாரிடமும்
ஒரு வைத்தியம் இருக்கிறது.
மிளகை ஊசியில் குத்திச் சுட்டுப்
புகையை இழு என்கிறார் குணாளன்.
வெந்நீரில் அசாம்போய், அரை எலுமிச்சை: அஸ்மான்.
வெகுநேரம் யோசித்துவிட்டு ரொஃபிக்,
"கடுகெண்ணெய், அக்கா. உள்ளங்காலில்."

ஒழுகுவது கிருமியின் வேலையில்லை என்று
எங்கோ படித்தேன்.
என் வேலைதானாம்.
அடைப்பும் பாதி சளியே இல்லையாம்,
மூக்குக்குள் இரத்தக்குழாய்கள்
கதவடியில் முண்டும் கூட்டம்போல வீங்கி நிற்பதாம்.
இரவில் அடித்த காய்ச்சல்கூட
நானே தீ தள்ளிய கொதிகலன்.

தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறது.
அங்கே யாரோ உட்கார்ந்து
வந்தவன் மணிக்கட்டுக்குச் சரியாய் ஒரு விலங்கை
ராவி ராவிப் பார்க்கிறார்கள்.
நாலைந்து நாள் பிடிக்கும்.
ஓட்டி கொடுத்தாலும் முந்தாது.

லோரி இல்லாத ஒரு மணிக்கு
நானே மேடையில் ஏறி நின்று
கண்ணாடி வழியே திரையைப் பார்த்தேன்: 60.
பத்துப் பத்தாய்த்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
என்னைப் படுக்கவைத்தவனுக்கு
அதன் கணக்கில் எடையே இல்லை.

சொன்னதையெல்லாம் செய்தேன்.
மிளகுப் புகையில் கண் எரிந்ததுதான் மிச்சம்.
உள்ளங்கால் வழுக்கி
குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.
அசாம்போயின் உப்பும் புளிப்பும்
தொண்டையில் இறங்கிய இரண்டு நிமிடம்
நன்றாக இருந்தது.
ஒரு கிருமியும் செத்திருக்காது.
அந்த இரண்டு நிமிடத்தை
எந்தக் கட்டத்தில் பதிவது?

ஆறாம் நாள் காலை
மோட்டாரை நிறுத்தித் தலைக்கவசம் கழற்றியதும்
குப்பென்று அடித்தது
ஆலைக் கழிவுக்குளத்து நாற்றம்.
பதினோரு வருடமாய் இங்கிருக்கிறேன்,
புதிதாய் வருகிறவர் முகம் சுளித்தால்தான்
அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும்.
கண்ணை மூடி
இன்னொரு தரம் இழுத்தேன்,
ஆழமாய், பேராசையோடு.

மத்தியானத்துக்குள் அதுவும் தெரியாமல் போயிற்று.
இந்த முறை
அடைப்பினால் அல்ல.