வெள்ளி ஒன்பது மணிக் கொலை

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு
எனக்கொரு கொலை விழுந்தாக வேண்டும்.
அதற்குள் பூட்ஸைக் கழற்றி
சோறு வடித்து
ரசம் தாளித்துவிடுவேன்.
சூசை ரிமோட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச்
சுவரில் சாய்ந்துகொள்வார்.
முதலில் யார் சாவார் என்பதில்
எங்களுக்குள் அஞ்சு ரூபாய் பந்தயம்.

கானாடுகாத்தான் வீடு.
வளவுக்குள் சதுரமாக இறங்கியிருக்கும் காலை வெயில்.
ஆத்தங்குடிக் கல்லில் குப்புறக் கிடப்பார்
வட்டிக்கடை முத்துக்கருப்பன்,
வேட்டி கசங்காமல்.
ரத்தம்கூடக் கல்லில் பூத்த பூவின் விளிம்பைத் தாண்டாது.
பல் டாக்டர் சிகப்பி ஸ்கூட்டரில் வருவாள்.
பாதி கடித்த சீப்புச்சீடையை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"கடிச்சவருக்கு மேல்வரிசையில ஒரு பல் இல்லை" என்பாள்.
எட்டுப் புள்ளிப் பங்காளிகளும்
சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள்.
அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு தாங்காது.

நான் ஏட்டு. பெயர் அடைக்கலமேரி.
ஸ்டேஷனில் எழுதுவது என் வேலை.
என் கையெழுத்தில் செத்தவர்கள்
ஒரு பீரோ நிறைய இருக்கிறார்கள்.

எங்களுக்கு வருகிற சாவுக்குத் தேக்குத் தூண் கிடையாது.
புதுவயல் அரிசி ஆலைக்குப் பின்பக்கம்.
தண்டவாளம்.
பூச்சிமருந்து டப்பாவின் மூடியைத் தேடி
விடிய விடிய டார்ச் அடித்த ஒரு கடலைக் கொல்லை.
மூக்கில் தடவிய தைலம்
மறுநாள் குழம்பிலும் வரும்.
கொன்றவன் பெரும்பாலும் அங்கேயே
குத்தவைத்திருப்பான்.
பீடி கேட்பான்.

இல்லையென்றால் ஒன்றுமே தெரியாது.
போன ஐப்பசியில்
பள்ளத்தூர் ஊருணியில் மிதந்தவர்:
"அடையாளம் தெரியாத ஆண். வயது சுமார் 40.
கருநீலக் கட்டம் போட்ட கைலி.
இடது முழங்கையில் பழைய தீத்தழும்பு."
நான்தான் எழுதினேன்.
பிறகு நாற்பதை அடித்து நாற்பத்தைந்து ஆக்கினேன்,
அந்த வயதில் யாராவது தேடுகிறார்களோ என்று.
யாரும் வரவில்லை.

டிவியில் பெயரில்லாமல் ஒருத்தரும் சாவதில்லை.
பால் ஊற்றுகிறவன் செத்தாலும்
அவனுக்கு ஒரு அத்தை மகள், கைமாற்றுக் கடன்,
வரப்புத் தகராறு,
பர்ஸுக்குள் மடிந்துபோன போட்டோ.
ஊரே கூடி உட்கார்ந்து
நாற்பத்தைந்து நிமிஷம் அவனைப் பற்றியே பேசுகிறது.
அதுக்காகத்தான் பார்க்கிறேனோ என்னவோ.
சும்மா, அந்த வீட்டைப் பார்க்கத்தானோ என்னவோ.

சித்திரையில் அதே தொடருக்கு
எனக்கே பந்தோபஸ்து விழுந்தது.
பிணமாக நடிக்க வந்தவர்
தேவகோட்டையில் மருந்துக் கம்பெனி ரெப்.
லைட் சரியாகும்வரை
கண்ணைத் திறக்காமலே முறுக்குத் தின்றார்.
டைரக்டர் பையன் என்னிடம் ஓடிவந்தான்:
"மேடம், நிஜத்துல பாடி இப்படித்தான கிடக்கும்?"

கிடக்காது தம்பி.
விரல் அப்படி விரியாது.
வாய் அவ்வளவு மரியாதையாக மூடாது.
ஈ என்று ஒன்று இருக்கிறது,
சொந்தக்காரர்களுக்கு முன்னால் அதுதான் வரும்.

"அச்சு அசலா இருக்கு சார்" என்றேன்.
இருபத்திரண்டு வருஷ சர்வீஸில்
நான் சொன்ன ஒரே பொய்ச்சாட்சி அது
என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது.

நேற்று அந்த எபிசோட்.
பெல்ஜியம் கண்ணாடிக்குள் அரை நொடி
ஒரு காக்கி முழங்கை வந்து போனது.
"ஏய், அது நீ" என்றார் சூசை.
"கொலைகாரி சிக்கிட்டா."
சிகப்பி எல்லோரையும் வளவில் நிறுத்தி
விரலை நீட்டிக்
"கொன்னது..." என்கிற நேரம்
என் போன் அடித்தது.
கொத்தமங்கலம் ரோடு. தைலமரக் காட்டு ஓரம்.
பெண். வயது தெரியவில்லை.

தொப்பியை எடுத்தேன்.
"யாருன்னு சொல்லிடாதீங்க.
ஞாயித்துக்கிழமை மத்தியானம் மறுபடி போடுவான்."
சூசை தானும் பார்க்காமல்
டிவியை அணைத்துவிட்டு
டார்ச்சுக்கு பேட்டரி தேடினார்.

வண்டி கிளம்ப மூன்று உதை ஆனது.