எண்பத்தெட்டு

ஐஸ் பாரை நொறுக்குகிற மெஷின் இரைச்சலில்
போன் அதிர்ந்தது தெரியவில்லை.
முதுநகர் துறைமுகத்தில்
மூன்று விசைப்படகு ஒன்றாய்க் கரைதொட்ட காலை.
செந்தாமரைதான் எடுத்துப் பார்த்தாள்:
"சிங்கப்பூர்லேந்து யாரோ பணம் போட்டிருக்காங்க."

யாரோ இல்லை, ஆ லெங்.
துவாஸ் கப்பல் பட்டறையில்
அவன் மேலே கிரேனில், நான் கீழே கொக்கியில்.
என் கையசைவை நம்பி அவன் இறக்கினான்,
அவன் கையை நம்பி நான் நின்றேன்,
ஆறு வருஷம்.

இன்று அவர்களுக்குப் புத்தாண்டு.
வாட்ஸப்பில் ஒரு சிவப்பு உறை
தானே திறந்து தானே மூடிக்கொண்டிருந்தது.
அனுப்பியது எண்பத்தெட்டு டாலர்.
எட்டு என்றால் செழிப்பு,
இரண்டு எட்டு என்றால் கேட்கவே வேண்டாம்.
நாலு மட்டும் ஆகாது.
அவன் பேச்சில் நாலும் சாவும்
கிட்டத்தட்ட ஒரே சத்தம்.

கடல் தாண்டுகையில்
வங்கி அந்த எண்பத்தெட்டைப் பெருக்கி, கழித்து,
ஐயாயிரத்து அறுநூற்று நாலாக்கி
என் கணக்கில் இறக்கியிருந்தது.

அவன் மகள் கல்யாணத்துக்கு
ஐம்பது டாலர் நோட்டும் ஒரு டாலர் காசும்
உறையில் வைத்துக் கொடுத்தவன் நான்.
சுழியில் முடிந்தால் உறவு முடிந்ததாகிவிடுமே.
ஒற்றைப்படை அங்கே இழவு வீட்டுக் கணக்கு என்று
எனக்கு யார் சொன்னது?
மறுநாள் பட்டறையில் ஆ லெங்
பையிலிருந்து அந்த ஒரு காசை எடுத்து
காபி மெஷினில் போட்டான்.
ஒரே டின். மாற்றி மாற்றிக் குடித்தோம்.
"இப்ப ஐம்பது. இப்ப சரி."
அதற்கு மேல் அதைப் பற்றி அவன் பேசியதில்லை.

நாலு ரூபாயை இப்போது நான் எந்த மெஷினில் போட?
இந்த ஊரில் நாலு ரூபாய்க்கு
ஷாம்பு பாக்கெட் இரண்டு கிடைக்கும், அவ்வளவுதான்.
"நாலையும் எடுத்தா சுழி வந்துடும்,
மூணை எடுத்துட்டு ஒண்ணை விடு" என்றாள் செந்தாமரை.
விட்டால் அவனுக்கு ஒற்றை.
எப்படித் திருப்பினாலும்
யாராவது ஒருத்தர் வீட்டில் சங்கு ஊதுகிறது.

சரியாக வந்ததா என்று கேட்டிருந்தான்.
மீன்செதில் ஒட்டிய விரலால் தட்டினேன்:
எண்பத்தெட்டு.
பிறகு மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு
"ஹுவாட் ஆ!" என்று கத்தி
குரல் அனுப்பினேன்.
ஏலக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடி அதிர்ந்தது.
இந்த முறை என் உள்ளங்கையில்.
ஒரு டாலர்.
எண்பத்தெட்டோடு சேர்க்காமல், தனியாக.
குறிப்பில் ஒரே சொல்: காபி.

அறுபத்து மூன்று ரூபாய் சொச்சம்.
முத்தாலு கடையில் நாலு டீ வரும்.
தராசுக்காரர், மீன்பாடி வண்டி ஓட்டுகிற தாவூது,
செந்தாமரை, நான்.
அவனிடம் சொல்லவில்லை,
எங்களுக்கும் நாலு பேர் வேண்டியிருப்பது
எதற்கென்று.
டீ ஆறுவதற்குள்
அடுத்த படகு வந்துவிட்டது.